நாலு வருசத்துப் பேப்பரையும் கேட்ட லேப்

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவன். வயது 54. ஹோட்டலுக்கோ செருப்புக் கடைக்கோ இதுவரை ரிவ்யூ எழுதியதில்லை. இப்போது எழுத வந்திருப்பது, எங்கள் மண்டியிலிருந்து நாலு தெரு தள்ளி, ஒரு மாவு மில்லுக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் இருக்கிற ரெண்டு ரூம் ரத்தப் பரிசோதனை லேபைப் பற்றி. பேர் போடவில்லை. அந்த லேப் அக்காவே போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "பேரைப் போட்டீங்கன்னா கூட்டம் வந்துருமுங்க தம்பி. கூட்டம் வந்தா அப்புறம் ஸ்லைடு பாக்க நேரமிருக்காது" என்றார். ஸ்லைடு என்று அவர் சொன்னது என்ன என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை ஆறரைக்குத் திறக்கிறார்கள். வாசலில் செருப்பு விட ஒரு பலகை, உள்ளே பிளாஸ்டிக் நாற்காலி ஆறு, சுவரில் ஒரு மளிகைக் கடை காலண்டர். டோக்கன் கிடையாது. "கடைசியா வந்தது யாருங்க?" என்று கேட்டு உட்கார வேண்டியதுதான். மாவு மில் ஓட ஆரம்பித்துவிட்டால் பேசுவது காதில் விழாது. யூரின் கொடுக்கிற பாத்ரூம் அவ்வளவு குறுகல், என் சைஸ் ஆள் உள்ளே போய்த் திரும்புவதே பெரும்பாடு. வண்டி நிறுத்த இடமே இல்லை. அக்கா ஏதோ அரசு ஆஸ்பத்திரி லேபில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட ஒரு பெண் உதவிக்கு இருக்கிறது. அவ்வளவுதான் ஸ்டாஃப்.

இங்கே வருவதற்கு முன்னால், 2021 முதல் 2024 வரை நாலு வருசம், நான் வேறு ஆட்களிடம் டெஸ்ட் எடுத்தேன். போனில் புக் பண்ணினால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிற பேக்கேஜ் அது. கம்பெனி பேர் வேண்டாம். கொரோனா சமயத்தில் பயந்துபோய் ஆரம்பித்தது. "85 டெஸ்ட், 3,999 ரூபாய், இன்று மட்டும் 1,499" என்று வரும். அந்த "இன்று மட்டும்" நாலு வருசமாக வந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம்.

85 டெஸ்ட் என்றதும் எனக்கும் பெரிய ஆஸ்பத்திரியையே வீட்டுக்கு வரவழைத்த மாதிரிதான் இருந்தது. அப்புறம் ஒரு நாள் ரிப்போர்ட்டை வைத்து எண்ணிப் பார்த்தேன், கணக்கெழுதுகிறவன் புத்தி. ரத்த அணுக்கள் எண்ணுகிற ஒரே ஒரு டெஸ்ட்டை இருபத்து சொச்சமாகப் பிரித்து எண்ணியிருந்தார்கள். யூரின் ஒன்றுதான், அதன் நிறம், தெளிவு எல்லாம் தனித்தனி டெஸ்ட். கொலஸ்ட்ராலில் உண்மையில் அளப்பது மூன்று: மொத்தம், நல்ல கொழுப்பு என்கிற ஹெச்டிஎல், ட்ரைகிளிசரைடு என்கிற இன்னொரு கொழுப்பு. கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல்லைப் பெரும்பாலும் கழித்து எடுக்கிறார்கள். மொத்தத்தில் ஹெச்டிஎல்லைக் கழித்து, ட்ரைகிளிசரைடில் அஞ்சில் ஒரு பங்கையும் கழித்தால் எல்டிஎல். அந்த அஞ்சில் ஒரு பங்குக்கு விஎல்டிஎல் என்று பேர் வைத்து அதையும் ஒரு டெஸ்ட்டாக எண்ணி, இதை அதால் வகுத்து, அதை இதால் வகுத்து இன்னும் மூன்று டெஸ்ட். ஒரே மூட்டைக்கு எட்டு பில் போட்டால் எங்கள் மண்டியில் என்ன பெயர் சொல்லுவார்கள் என்று இங்கே எழுத முடியாது.

டெஸ்ட் கூடக்கூட நல்லதுதானே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். சேலத்தில் மருத்துவம் படிக்கிற என் அக்கா மகன்தான் விளக்கினான். "நார்மல் ரேஞ்ச்" என்று பக்கத்தில் போட்டிருக்கிறதே, அது பொதுவாக நன்றாக இருக்கிற நூறு பேரில் 95 பேர் அடங்குகிற மாதிரி வைத்த எல்லை. அப்படியானால் நன்றாக இருக்கிற மீதி அஞ்சு பேரும் எல்லைக்கு வெளியேதான் விழுவார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத 20 டெஸ்ட் எடுத்தால், ஒரு குறையும் இல்லாத ஆளுக்குக்கூட ஒன்றாவது எல்லை தாண்டி, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வருவதற்கு 64 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. கால்குலேட்டரில் நானே போட்டுப் பார்த்தேன், 0.95-ஐ இருபது தடவை பெருக்கினால் 0.36 வருகிறது, சரிதான். என் 2024 ரிப்போர்ட்டில் ஏழு தடித்த எழுத்து. அதில் ஒன்றே ஒன்றுதான் உண்மையான சங்கதி. அதை நானும் பார்க்கவில்லை, விற்றவர்களும் பார்க்கவில்லை.

பார்க்காமல் போனதற்குக் காரணம் பொட்டாசியம்.

அந்த வருசம் காலை ஆறரைக்கு வருகிறேன் என்ற பையன் ஒன்பதே காலுக்கு வந்தான். பாவம், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் வீட்டுக்கு அப்புறம் இன்னும் ஏழு வீடு இருக்கிறது என்றான். நரம்பு சிக்கவில்லை. "கையை நல்லா மூடி மூடித் திறங்க சார்" என்றான். திறந்தேன். ரப்பரைக் கட்டியபடியே ரெண்டு தடவை குத்தினான். மூன்றாவது தடவை இன்னொரு கையில் வந்தது. ட்யூப்களைப் பையில் போட்டு பைக்கில் மாட்டிக்கொண்டு வெயிலில் போனான். ராத்திரி ஒன்பது மணிக்கு போன் வருகிறது. "சார், உங்களுக்குப் பொட்டாசியம் 6.2, ஹார்ட் நின்னுரும், உடனே எமர்ஜென்சிக்குப் போங்க." வீட்டில் சாப்பாட்டுத் தட்டு அப்படியே கிடந்தது. மகன் வண்டி எடுத்தான். என் மனைவி வழியெல்லாம் வேண்டாத சாமி இல்லை. ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், நார்மல். மறுபடி ரத்தம் எடுத்தார்கள், பொட்டாசியம் 4.3, அதுவும் நார்மல். அந்த டூட்டி டாக்டர் பெண் சிரித்துக்கொண்டே சொன்னது: "ரத்தம் எடுக்குறப்ப செல்லு ஒடஞ்சிருக்கும், இல்லன்னா ரொம்ப நேரம் செல்லைத் தனியாப் பிரிக்காம வெச்சிருப்பாங்க. செல்லுக்குள்ள இருக்குற பொட்டாசியம் வெளிய கசிஞ்சிருக்கும்." பில் 3,400 ரூபாய்.

மண்டியில் இது எங்களுக்குப் பழகிய விஷயம். ஏலத்துக்கு வைக்கிற சாம்பிளில்தான் எல்லாம் இருக்கிறது. விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்து விலை வைப்பார்கள். ஈரச் சாக்கில் கிடந்த சாம்பிளை வைத்து ஐம்பது மூட்டைக்கு விலை சொன்னால் யாரோ ஒருத்தர் தலையில் துண்டுதான். ரத்தமும் அப்படித்தான் என்று எனக்கு 54 வயதில்தான் உறைத்தது. எந்த மிஷினில் போட்டார்கள் என்று கேட்கிறோம். எப்படி எடுத்தார்கள், எத்தனை மணி நேரம் கிடந்தது என்று கேட்பதில்லை. சர்க்கரை பார்க்கிற ரத்தத்தையும் அப்படியே விட்டு வைத்தால் அதிலிருக்கிற செல்களே மணிக்கு அஞ்சு, ஏழு சதவீதம் என்று சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்குமாம்.

மறுநாள் அவர்களிடமிருந்தே "இலவச டாக்டர் ஆலோசனை" போன். பொட்டாசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வைட்டமின் டி குறைவாக இருக்கிறது, எங்கள் ஆப்பிலேயே மாத்திரை இருக்கிறது, 20 சதவீதம் தள்ளுபடி என்றார். போனை வைத்துவிட்டேன். அந்த ரிப்போர்ட்டையும் பீரோவில் மற்ற மூன்றோடு சேர்த்து வைத்துவிட்டேன். எதையும் தூக்கிப் போடாத பழக்கம் மட்டும் தொழில் கொடுத்தது.

2025 ஜனவரியில், சீசன் தொடங்குவதற்கு முன்னால், இந்த மாவு மில் பக்கத்து லேபுக்குப் போனேன். எங்கள் மண்டியில் மூட்டை தூக்குகிற பெரியவர் ஒருத்தர்தான் வழி காட்டினார். "அங்க குத்துனா வலிக்காதுங்க" என்பது மட்டுமே அவருடைய சிபாரிசு.

உண்மைதான், வலிக்கவில்லை. ஆனால் நான் பார்த்தது வேறு. அக்கா என்னை முதலில் பத்து நிமிசம் சும்மா உட்கார வைத்தார். எப்போது சாப்பிட்டீங்க, என்னென்ன மாத்திரை என்று கேட்டு ஒரு சீட்டில் எழுதினார். முழங்கால் வலிக்கு எப்பவாவது மாத்திரை போடுவேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். ரப்பர் கட்டினார். நான் பழக்கத்தில் கையை மூடி மூடித் திறந்தேன். "அதெல்லாம் வேண்டாங்க. அப்படிப் பண்ணுனா பொட்டாசியம் ஏறும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் சிவப்பு மூடி, அப்புறம் ஊதா மூடி, கடைசியாகச் சாம்பல் நிற மூடி. ஏன் இந்த வரிசை என்று கேட்டேன். ஊதா மூடிக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து தடவியிருப்பார்களாம், அதிலேயே பொட்டாசியம் இருக்கிறதாம். ஊதாவை முதலில் நிரப்பி, அதில் ஒரு துளி சிவப்பில் கலந்துவிட்டால் கணக்குத் தப்பிவிடும். சாம்பல் மூடி சர்க்கரைக்கு, செல்கள் சர்க்கரையைத் தின்னாமல் தடுக்கிற மருந்து அதில். ஊதா ட்யூபை எடுத்து நிதானமாக எட்டு தடவை கவிழ்த்து நிமிர்த்தினார். குலுக்கவில்லை. ட்யூபில் என் பேரை என் கண் முன்னாலேயே எழுதினார். முன்பு எனக்கு நடந்தது அத்தனைக்கும் இந்த நாலு நிமிசத்தில் பதில் கிடைத்துவிட்டது.

அன்றைக்கு எடுத்தது, ரூபாய்க் கணக்கில்: ரத்த அணுக்கள் 300, வெறும் வயிற்றுச் சர்க்கரை 60, சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து 60, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுகிற ஹெச்பிஏ1சி 450, கிட்னிக்குப் பார்க்கிற கிரியேட்டினின் 150, கொலஸ்ட்ரால் 500, யூரின் 100. மொத்தம் 1,620 ரூபாய். பேக்கேஜை விட 121 ரூபாய் அதிகம், டெஸ்ட் ஏழே ஏழு. இதைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் வாசலோடு திரும்பிப் போகிறார்கள் என்று அக்காவே சொன்னார்.

சாயங்காலம் ரிப்போர்ட் வாங்கப் போனபோது உட்காரச் சொன்னார். "ஹீமோகுளோபின் 12.7 இருக்குதுங்க. ஆம்பளைங்களுக்கு 13 இருக்கோணும். ரொம்பக் கொறவுன்னு சொல்ல முடியாது. போன வருசம் எவ்வளவு இருந்துச்சுங்க?" எனக்கு ஞாபகம் இல்லை. "பழைய பேப்பர் இருக்குதுங்களா?" இருக்கிறது என்றேன். "போயி எடுத்துட்டு வாங்க, நான் எட்டு மணி வரைக்கும் இருப்பேன்."

நாலு வருசத்துப் பேப்பரையும் எடுத்துப் போனேன். மேசையில் இருந்த மைக்ரோஸ்கோப்பைத் தள்ளி வைத்துவிட்டு வரிசையாகப் பரப்பினார். நான் பேரேட்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார். விரல் ஒரே வரியில் போனது. 2021-ல் 14.9. 2022-ல் 14.4. 2023-ல் 13.8. 2024-ல் 13.2. இப்போது 12.7. நாலு வருசமும் பக்கத்தில் பச்சை டிக். நாலும் எல்லைக்குள்ளேதான். அப்புறம் இன்னொரு வரிக்கு விரல் நகர்ந்தது. சிவப்பணுவின் சராசரி அளவு, எம்சிவி என்று போட்டிருக்கும். 90, 87, 84, 81, இப்போது 78. அதுவும் இறங்குமுகம். "மிஷினுக்கு மிஷின் கொஞ்சம் முன்னப்பின்ன வரும் தம்பி. ஆனா அஞ்சு வருசமும் ஒரே பக்கமாவே எறங்காது." அதற்குப் பக்கத்தில் ஆர்டிடபிள்யூ என்று ஒன்று, அணுக்கள் ஒரே அளவாக இருக்கிறதா, சிறுசும் பெருசுமாக இருக்கிறதா என்று காட்டுவது. 2024-ல் அது 15.6, தடித்த எழுத்தில். அந்த ஏழில் ஒன்று. பொட்டாசியத்துக்கும் வைட்டமின் டி-க்கும் நடுவில் யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது.

எனக்கு வெட்கமாக இருந்தது. மண்டியில் ஒரு வியாபாரியின் பாக்கி அஞ்சு வருசம் இப்படி மெதுவாக ஏறினால் முதலாளியிடம் இரண்டாவது வருசமே சொல்லியிருப்பேன்.

அப்புறம் ஸ்லைடு. காலையிலேயே போட்டு வைத்திருந்தார். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, இன்னொரு கண்ணாடியால் ஒரே இழுப்பில் நாக்கு மாதிரி தீட்டி, காய வைத்து, லீஷ்மேன் சாயம் ஊற்றிக் கழுவியது. சிங்க் ஓரமெல்லாம் அந்த ஊதாக் கறை, அவர் விரல் நுனியிலும். "நீங்களே பாருங்க" என்றார். எனக்கு முதலில் கண் இமைதான் தெரிந்தது. திருகிக் கொடுத்தார். வெளிர் சிவப்பில் வட்டம் வட்டமாக. "உளுந்து வடை பாத்திருப்பீங்கல்லங்க, நடுவுல கொஞ்சம் குழி. அப்படித்தான் இருக்கோணும். உங்களுது பாதி வளையல் மாதிரி இருக்குது பாருங்க, நடுவுல வெளுத்து." இருந்தது. சிலது வடை, சிலது வளையல், ஒன்றிரண்டு பென்சில் மாதிரி நீளமாகவும் இருந்தது. இரும்புச் சத்து எங்கேயோ ஒழுகுகிறது என்றார். ஆம்பளைக்கு, அம்பது தாண்டினவனுக்கு, ஒழுகுகிற இடம் பெரும்பாலும் வயிறு அல்லது குடல்.

"நல்லா சாப்பிடறீங்களா? மூச்சு வாங்குதா? சாக்பீஸ், செங்கல், பச்சரிசி ஏதாவது திங்கோணும்னு தோணுதா?" என்று கேட்டார். நான் பேசவில்லை. கூட வந்த என் மனைவி பேசினாள். ஒன்றரை வருசமாக நான் அரிசி டின்னைத் திறந்து கை நிறையப் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டிருக்கிறேன். "கல்யாணத்துல மழை வரும்"னு அவள் திட்டுவாள், "கல்யாணமாகி 27 வருசமாச்சு, இனி வந்தா என்ன" என்று நானும் சிரிப்பேன். இரும்புச் சத்துக் குறைந்தால் சிலருக்கு இப்படி ஆசை வரும் என்று அன்றைக்குத்தான் தெரியும். மண்டி மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியதை வயசு என்று நினைத்தேன்.

காலையில் எழுதிய சீட்டை எடுத்தார். "முழங்கால் வலி மாத்திரை, எப்பவாவதுன்னு சொன்னீங்க. எப்பவாவதுன்னா?" மறுபடியும் மனைவிதான். சீசன் சமயத்தில் தினம் ரெண்டு, மெடிக்கலில் சொல்லி வாங்குவது, டைக்ளோஃபினாக். மூணு வருசத்துக்கு மேலாக.

இதற்கு மேல் அக்கா ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். மாத்திரை எழுதித் தரவில்லை, டானிக் விற்கவில்லை. இரும்புச் சத்தின் இருப்பைக் காட்டுகிற ஃபெரிட்டினும், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்பதும் பார்க்கலாம், ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்தால் எடுங்க என்றார். ஒரு வெள்ளைத் தாளில் அஞ்சு வருசத்து எண்களையும் பேனாவில் வரிசையாக எழுதி, அடியில் ஸ்லைடில் பார்த்ததை மூன்று வரி எழுதி, "இதை டாக்டர்கிட்டக் குடுங்க" என்றார். அந்தத் தாளை எங்கள் குடும்ப டாக்டர் ஒரு நிமிசம் பார்த்தார். பார்த்துவிட்டு, "யாரு எழுதுனது?" என்று மட்டும் கேட்டார்.

மீதியைச் சுருக்கிவிடுகிறேன். ஃபெரிட்டின் 8தான், ரொம்பக் குறைவு. மலத்தில் ரத்தம் பாசிட்டிவ். எண்டோஸ்கோப்பி பார்த்ததில் இரைப்பையில் புண், வலி மாத்திரை செய்த வேலை. கூடவே எச். பைலோரி என்ற கிருமியும். வயதைச் சொல்லிப் பெருங்குடலையும் கேமரா விட்டுப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. அந்த ரிசல்ட் வரும்வரை இருந்த ரெண்டு நாளை எழுத எனக்கு விருப்பமில்லை. கிருமிக்கு 14 நாள் மாத்திரை, புண்ணுக்கு எட்டு வாரம், இரும்பு மாத்திரை மாதக்கணக்கில். வலி மாத்திரைக்கு முழுக்குப் போட்டாயிற்று. முழங்காலுக்கு இப்போது உடற்பயிற்சிதான், வலிக்கத்தான் செய்கிறது.

சொல்ல வேண்டிய இன்னொரு சங்கதி இருக்கிறது. அதே 2024 பேக்கேஜில் என் ஹெச்பிஏ1சி 6.1. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோயின் வாசல்படி என்கிறார்கள், 6.5 வந்தால் உள்ளே வந்தாயிற்று. நான் பயந்து போய் ஒரு வருசம் சோறு தொடவில்லை, மூன்று வேளையும் களியும் கம்பும்தான். ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை 93 என்று சாதுவாகத்தான் இருந்தது. ரெண்டும் பொருந்தவில்லையே என்று யாருக்கும் தோன்றவில்லை. இந்த லேபிலும் அப்படியே வந்தது, 6.1-ம் 92-ம். அக்காதான் தாளில் ஒரு வரி சேர்த்திருந்தார்: இரும்புச் சத்துக் குறைவில் ஹெச்பிஏ1சி பொய்யாக ஏறலாம். சிவப்பணு 120 நாள் வாழ்கிறது, அதில் சேர்கிற சர்க்கரையைத்தான் இந்த டெஸ்ட் அளக்கிறது. அணுவின் கணக்கே கோளாறாக இருக்கும்போது அதன் மேல் எழுதிய கணக்கை எப்படி நம்புவது? இரும்பு மாத்திரை வேலை செய்து முடித்து எல்லாம் நிலைக்கு வந்த பிறகு டாக்டர் மறுபடி பார்க்கச் சொன்னார். 5.6. அன்றைக்கு ராத்திரி வீட்டில் சோறும் ரசமும். இதைப் படித்துவிட்டு யாரும் உங்கள் ஹெச்பிஏ1சியைப் பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை, இன்னொரு 13.6 கோடிப் பேர் வாசல்படியில் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு 2023-ல் சொன்னது. அதில் பெரும்பாலானவர்களுக்கு அந்த எண் உண்மைதான்.

குறைகளையும் எழுதாவிட்டால் ரிவ்யூ ஆகாது. லேப்களின் தரத்தைப் பார்த்துச் சான்று கொடுக்கிற என்ஏபிஎல்லின் அங்கீகாரம் இந்த லேபுக்குக் கிடையாது. நானே நேரடியாகக் கேட்டேன். அதற்கு ஆகிற செலவும் காகிதமும் ரெண்டு ரூம் லேபுக்குக் கட்டாது என்றார். ஆனால் வேலூர் சிஎம்சி நடத்துகிற தரச் சோதனைத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறார். அங்கிருந்து வருகிற சாம்பிளில் எவ்வளவு என்ன இருக்கிறது என்று இவர்களுக்குத் தெரியாது. இவர்கள் டெஸ்ட் செய்து எண்ணை அனுப்பினால், மற்ற லேப்களின் எண்களோடு ஒப்பிட்டு, எங்கே விலகியிருக்கிறது என்று அறிக்கை வரும். அந்த ஃபைலைக் கேட்டதும் எடுத்துக் காட்டினார். ஒரு மாதம் கிரியேட்டினின் தள்ளிப் போயிருந்ததை அவரே விரல் வைத்துக் காட்டி, அதற்கு என்ன செய்தோம் என்று சொன்னார். தன் தப்பை ஃபைல் போட்டு வைத்திருக்கிற ஆளை நான் நம்புவேன். இருந்தாலும் எல்லா ரெண்டு ரூம் லேபும் இப்படி இருக்கும் என்று சொல்ல மாட்டேன். உங்கள் ஊரில் தெரியாத லேப் என்றால் என்ஏபிஎல் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

தைராய்டு, ஃபெரிட்டின், பி12 எல்லாம் கோயம்புத்தூருக்கு அனுப்புகிறார்கள், ரெண்டு நாள் ஆகும். வாட்ஸப்பில் ரிப்போர்ட் வராது, நேரில்தான் வாங்க வேண்டும். அவசரம் என்று நின்றால் அக்காவுக்குக் கோபம் வரும். முகத்துக்கு நேராகவே "வேண்டாம்" என்பார். ஒரு நாள் என் எதிரிலேயே ஒருத்தர் "ஃபுல் பாடி, கேன்சர் டெஸ்ட்டோட" கேட்டு வந்தார், தன் மனைவிக்காக. சினைப்பைப் புற்றுநோய்க்குப் பார்க்கிற சிஏ 125 என்ற ரத்த டெஸ்ட்டை ஏதோ விளம்பரத்தில் பார்த்தாராம். நோய்க்குறி எதுவும் இல்லாத பெண்ணுக்கு அதை எடுத்தால், மாதவிலக்கு சமயத்தில்கூட ஏறி நின்று பயம் காட்டும், வேண்டாம் என்றார் அக்கா. அதற்குப் பதில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்கிறார்கள், காசு கிடையாது, அங்கே கூட்டிக்கொண்டு போங்கள் என்றார். வந்தவர் முகம் சுருங்கிப் போனது. வியாபாரம் தெரியாத லேப் என்று நினைத்திருப்பார்.

சேலத்தில் படிக்கிற என் அக்கா மகன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். அறிகுறி இல்லாதவர்களுக்குப் பொத்தாம் பொதுவாகச் செய்கிற மாஸ்டர் செக்கப்பால் சாவு குறைந்ததா என்று இரண்டரை லட்சம் பேர் பங்கெடுத்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்களாம், மருத்துவ ஆய்வுகளை அலசுகிற காக்ரேன் என்ற அமைப்பின் தொகுப்பு, 2019. குறையவில்லை என்றுதான் வந்ததாம். "அப்புறம் எதுக்கு மாமா காசைக் கரைக்கறீங்க?" என்றான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் நாலு பேக்கேஜும் அதற்குச் சாட்சி. ஆனால் எனக்கு உடம்பு ஒன்றரை வருசமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது, அரிசி டின் வழியாக. கேட்பதற்கு ஆள் இல்லை. இதை அவனிடம் சொன்னபோது "அது செக்கப் இல்ல மாமா, அது வைத்தியம்" என்றான். இருக்கட்டும். பேர் எதுவானால் என்ன.

சிவகிரிப் பக்கம் கிராமத்தில் இருக்கிற என் அம்மாவுக்கு இந்தத் தலைவலியே இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு ஆரம்பித்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறது. அம்மா அதற்கு மோர் கொடுத்து அனுப்புகிறாள். என்னிடம் ஒரு தடவை, "நீ 85 டெஸ்ட் எடுத்து என்னடா கண்டே?" என்று கேட்டாள்.

காசு விவரம் கேட்பவர்களுக்கு: வருமான வரி பழைய முறையில் கட்டுகிறவர்கள், முன்னெச்சரிக்கைப் பரிசோதனைக்கு வருசம் 5,000 ரூபாய் வரை கழிவாகக் காட்டலாம். மனைவி, பிள்ளைகள், பெற்றோருக்கு எடுத்ததும் இதில் சேரும். மருத்துவ இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு உள்ள மொத்த வரம்புக்குள்தான் இந்த 5,000. ரொக்கமாகக் கொடுத்தாலும் செல்லும், பில்லை மட்டும் விடாதீர்கள். இந்த லேபில் பில் கேட்டால் கையால் எழுதித் தருவார்கள், முத்திரையோடு. புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு இது இல்லை.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். பாத்ரூமுக்கும் பார்க்கிங்குக்கும் ஒன்று கழித்தேன். போகிறவர்கள் ஏழு மணிக்குள் போய்விடுங்கள், மாவு மில் ஓடுவதற்கு முன்னால். ராத்திரி சாப்பாட்டை எட்டு மணிக்கே முடித்துவிடுங்கள், தண்ணீர் குடிக்கலாம், காப்பி கூடாது. என்ன மாத்திரை போடுகிறீர்களோ அத்தனையையும் சொல்லுங்கள், மெடிக்கலில் சொல்லி வாங்கினதையும்.

போன மாசம் என் மனைவியைக் கூட்டிப் போனேன். பழைய பேப்பர் எங்கே என்று அக்கா கேட்டார். இருந்த ஒன்றிரண்டையும் அவள் மளிகை அலமாரியில் விரித்துவிட்டிருந்தாள், மிளகாய்ப் பொடி டப்பாவுக்கு அடியில். எடுத்துப் பார்த்தேன், எண்ணெய் ஊறி ஒரு எண்ணும் தெரியவில்லை. "செரி விடுங்க, இந்த வருசத்துலிருந்து ஆரம்பிக்கலாம்" என்றார் அக்கா. ஹீமோகுளோபின் 11.8. ஸ்லைடு பார்த்துவிட்டு, டாக்டருக்குத் தாள் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்து புது ஃபைல் ஒன்று வாங்கி அதன் முதல் பக்கத்தில் தேதி போட்டு, பழக்க தோஷத்தில் "ஆரம்ப இருப்பு" என்று எழுதிவிட்டேன். அவள் பார்த்துவிட்டு, "என்னையும் மண்டி லெட்ஜர்ல சேத்தாச்சா?" என்றாள்.